பின்தளத்தில் யாரும் இல்லை

ரோவினாவுக்கு,

1. மார்ச் 9: நான் ஓய்வு பெற்றதும் இருவரும் படகிலேயே வசிப்பது என்று ஒப்புக்கொண்டாய்.
2. மே 14: பால் வாங்கப் போவதாகச் சொல்லி இறங்கி, உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.
3. மே 21, நேற்று: பின்தளத்தில் நீ இல்லை.

மூன்றாவதை விளக்குகிறேன். கால்வாயின் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் போக மதகுத் தொட்டியின் தண்ணீர் வடிந்து படகு இறங்கும்போது, சுக்கானைப் பிடித்துப் பின்சுவரின் கல்படியில் படகு மாட்டாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. தேநீர் போடுவது என் வேலை. நேற்றும் தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டு, படகின் உள்ளே போய் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தேன். அவை வழுக்கத் தொடங்கின. பின்பகுதி கல்லில் மாட்டிக்கொண்டிருக்க, முன்பகுதி மட்டும் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்றிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நகர முடியவில்லை.

கீழே காத்திருந்த படகுக்காரி ஓடி வந்து மதகை மூடினாள்.

“யோவ், படகு கல்லுல ஒக்காந்திருக்கு, உள்ள என்னய்யா டீ வேண்டிக்கெடக்கு? சுக்கான்ல யாரு?”

“என் பொண்டாட்டி.”

“இங்க யாரும் இல்லியே. தண்ணியில விழுந்துட்டாங்களா?”

அவள் கொக்கிக் கழியால் தண்ணீரைத் துழாவத் தொடங்கினாள். நீ என்னை விட்டுப் போய்விட்டதை அப்போதுதான் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

இன்னும் ஏழு மதகுகள் இருக்கின்றன. வருவாயா, மாட்டாயா என்பதை மே 28 நண்பகலுக்குள் எழுத்தில் தெரிவி. அதுவரை படகைக் கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மாட்டேன்.

இன்றுவரை உன் கணவன்