ரிமாஸ் வெட்டின சொல்

சீசா, பலெர்மோ

அன்பு மகள் கேசிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். வில்னியுஸ் குளிரில் நீயும் சுகமாயிருக்க முருகனை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் அடுத்த அறையில் அப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

வயலினை விட்டுவிட்டு ரிமாஸின் அடுத்த படத்திலும் நடிக்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நீ கட்டப்போகிறவரைக் குறை சொல்லவில்லை, என் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்ணீர் வடியச் சாப்பிட்டு இன்னும் கேட்டவர், நல்ல பிள்ளை. ஆனால் லித்துவேனியா முழுக்கப் பேர் வாங்கின செலோ வாத்தியக்காரர், ஒருநாள் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் படம் இயக்கப் போனாராம். முதல் படத்துக்கு ஆளே வரவில்லை, அடுத்ததற்குப் பரிசு என்று நீ பெருமையாகச் சொன்னாய், எனக்குப் பயம்தான் வந்தது. செலோவை விட்டவர் நாளைக்குப் படத்தையும் விட்டால் நீ எங்கே நிற்பாய்? கபோ சந்தையில் மீன்காரன் கூவுவதைக் கேட்கவென்று நடுவழியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஸ்கூட்டரில் அடிபடப் பார்த்தவர் அவர். நீயும் அவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகாதே பிள்ளை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் நீ பயணம் போகிற காட்சியை எடுத்தார்களே, அப்பாவையே அப்பாவாக நிற்பாட்டி. நீ வழக்கம்போல 'போட்டு வாறன்' என்றாய். அது நீளம், 'போறன்' போதும் என்று ரிமாஸ் வெட்டிவிட்டார். வாத்தியக்காரர் காது தாளத்தைத்தான் பார்க்கும். வெளிக்கிடுகிற பிள்ளை திரும்பி வாறன் என்று சொல்லாமல் வெறுமனே 'போறன்' என்று சொல்லக்கூடாது என்று நீயல்லவா அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீயோ 'போறன் அப்பா' என்று சொல்லிவிட்டு, அதே ரயிலில் உண்மையாகவே விமான நிலையத்துக்குப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து அப்பா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. படத்துக்குச் சொன்னது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிந்து நான் வந்தால், பிள்ளை பிறகு சரியாய்ச் சொன்னவளோ என்று கேட்கிறார். ஓம், ரயில் யன்னலுக்குள்ளால் சொன்னவள், சத்தத்தில் உங்களுக்குக் கேட்கேல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வயலின் கதையை நேரில் கதைப்போம். சித்திரை வருசத்துக்கு ரிமாஸையும் கூட்டிக்கொண்டு வா. தொப்பி போடாமல் வெளியே போகாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும். எப்படியும் வந்துவிடு மகள், அப்பாவுக்கு நான் சொன்னது பொய்யாகக் கூடாது.

உன் அம்மா
நாகபூசணி