பச்சைச் சூரியனும் என் நெருப்புப் பொடவும்

1883 செப்டம்பர் 6, வியாழன்

எருமுட்டை குறைகிறது என்று அக்காள் வியாகுலமேரி காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறாள். எவனோ திருடுகிறானாம். பூர்போன் தீவு கண்டவன், கடல் கடந்த மேதை, கரட்டுப் பொடவின் ஏகச் சக்கரவர்த்தி இஞ்ஞாசிமுத்துவை ஒரு கூடை எருமுட்டைக்காகத் திருடன் என்பதா? நானும் அவளோடு சேர்ந்து அந்தத் திருடனை வாயாரத் திட்டினேன்.

நாளை மறுநாள் மாதா பிறந்த திருவிழா. வெளியூர்ச் சனம் வந்தால் முதலில் பூசை, பிறகு சப்பரம், அதன்பிறகு ஊருக்குக் கிழக்கே கரட்டில் என் நெருப்புப் பொடவு என்று வழக்கமாகிவிட்டது. போன வருஷம் ஆண்டிபட்டியிலிருந்தே வண்டி கட்டி வந்தார்கள். குகைக்குள்ளே வளைந்து வளைந்து போனால் கடைசியில் ஒரு பாறை இடுக்கு. அதன் அந்தப் பக்கத்தில் எருமுட்டை மூட்டம் போட்டு வைத்தால் இடுக்கெல்லாம் செக்கச்செவேல். முகத்தில் அனல். "பூர்போனில் நான் கண்ட அதே நெருப்பாறு. கடலுக்கடியில ஓடியாந்து இங்கனதான் மூச்சு விடுது" என்பேன். பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போக வயிற்றால் ஊர்கிற ஒரு துளை உண்டு. அதை எவருக்கும் காட்டியதில்லை.

பூர்போனில் உண்மையில் என்ன கண்டேன்? கரும்புத் தோட்டத்துத் துரைமார் நெருப்பு மலை பார்க்கப் போனார்கள், நான் சோற்றுக்கூடை சுமந்தேன். நெருப்புக் குழம்பு ஓடும்போது மேலே ஆடை கட்டி இறுகி, உள்ளே ஓடியது வடிந்துபோய், குழாய் மாதிரி நின்றுவிட்ட சுரங்கம் அது. கயிற்றைச் சுருட்டிப் போட்டாற்போல் கறுப்புக் கல். உள்ளே குளிர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூட வந்த துரைசானி, இவ்வளவுதானா என்று உதட்டைச் சுழித்தாள். என் சுரங்கத்தில் நெருப்பு இருக்கும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

செப்டம்பர் 8, சனி

ஆட்டம் சற்று மீறிவிட்டது.

அக்காள் மகள் செலினுக்கு அனுமந்தன்பட்டியில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். பையன் சவரிமுத்து, நல்லவன். அவன் அப்பா பங்கிராஸ் சொந்தபந்தத்தோடு திருவிழாவுக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஆள். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தானே எல்லாம். சம்பந்தியைச் சும்மா அனுப்பலாமா? அவரை முன்னால் விட்டுப் பொடவுக்குள் அழைத்துப் போனேன். இடுக்கருகே அவர் குனிந்து பார்க்கும் சமயம், மடியிலிருந்த சாம்பிராணித்தூளை ஒரு கை உள்ளே வீசினேன். குப்பென்று எழுந்தது பாருங்கள், நானே ஓரடி பின்வாங்கினேன்.

பங்கிராஸ் ஓடினார். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வெளியே இரண்டு ஊர்ச் சனமும் நின்று சிரித்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன், "என்னப்பா, ஒங்க சம்பந்தகாரவுக கரடே குலுங்க ஓடுறாக" என்றான். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவர் விருந்தில் கை நனைக்கவில்லை.

செப்டம்பர் 9, ஞாயிறு

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்கிற ஓலையில் முதல் ஓலையைக் கோயில் உபதேசியார் வாசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. செலின் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

செப்டம்பர் 10, திங்கள்

சூரியன் பச்சையாக உதித்தது.

இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கிளிப்பச்சை. கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. சரியாக என் கரட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. ஊர் முழுக்கத் தெருவில் நிற்கிறது. வாழ்நாளெல்லாம் அதிசயம் சொல்லிச் சாப்பிட்டவன் நான். இன்று ஒரு வார்த்தை வரவில்லை.

செப்டம்பர் 11, செவ்வாய்

இன்றும் அப்படியே. சாயங்காலம் இறங்கும்போதும் பச்சை.

கருத்தக்கண்ணன் ஆடுகளைக் கரட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். "ஒன் நெருப்புதான்யா மேலேறிச் சூரியனைப் புடிச்சிருச்சு. கரடு வெடிச்சா மொத ஊரு இதுதான்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மத்தியானம் அனுமந்தன்பட்டியிலிருந்து ஆள் வந்தான். பங்கிராஸ் சொல்லி அனுப்பியது: "ரெண்டாம் ஓலைய நிறுத்திருங்க. நெருப்பு மேல குடியிருக்கிற ஊருல பொண்ணெடுத்தா, நெருப்பும் கூடவே வரும்."

அக்காள் அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை அப்புறம் யார் கேட்பார்கள்?

செப்டம்பர் 12, புதன்

யோசிக்க யோசிக்கத் தலை பொடவாகிறது. நெருப்பு நிஜம் என்றால் பயந்து விலகுவார். பொய் என்று சொன்னாலோ — எருமுட்டையைக் காட்டியா எங்களை ஓட விட்டீர்கள், ஏமாற்றுக்காரன் வீட்டில் பெண்ணா என்று அவமானத்தில் விலகுவார். இரண்டு பக்கமும் நானேதான் கல் அடுக்கி அடைத்திருக்கிறேன்.

செலின் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு என்னருகே வந்தாள்.

"மாமா, அவுக நெசமாவே பயந்துதான் வேணாம்ங்கிறாகளா? இல்ல, அன்னிக்கி எல்லாரும் சிரிச்சோமே, அதுக்கா?"

 கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 13, வியாழன்

நடந்தே அனுமந்தன்பட்டி போனேன். பங்கிராஸ் உட்காரச் சொல்லவில்லை. "அண்ணே, நீங்க ஒரு தரம் வந்து உள்ள கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் என்ன சொன்னாலும் சரி" என்றேன்.

"என்னை இன்னொருக்கா ஓட வச்சுப் பாக்கணுமோ?"

"இந்தத் தடவை நான் முன்னால போறேண்ணே."

திண்டாடி நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து சவரிமுத்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

செப்டம்பர் 15, சனி

இன்று நடந்ததைக் கூட்டாமல் எழுதிவிடுகிறேன்.

பங்கிராஸ் ஒரு குப்பி தீர்த்தத்தோடு வந்தார். பின்னாலேயே அவர் ஊர். எங்கள் ஊர் ஏற்கெனவே கரட்டடியில் நின்றது. நெருப்பைத் தணிக்கக் கருத்தக்கண்ணன் பொடவு வாசலில் பொங்கல் வைக்கக் கல் கூட்டியிருந்தான். நாளைக்கு இரண்டாம் ஓலை. வாசிப்பதா நிறுத்துவதா என்று இன்று தெரியும்வரை உபதேசியாரைப் பொறுக்கச் சொல்லியிருந்தோம்.

நான் பந்தத்தோடு முன்னால், அவர் பின்னால். இடுக்கு வந்தது. இருட்டாக இருந்தது. "நெருப்பு எங்க?" என்றார்.  பக்கத்துத் துளையைக் காட்டினேன். "இதுக்குள்ள ஊரணும்ணே."

நான் பாதி போயிருப்பேன். வௌவால் கூட்டம் முகத்தில் அடித்தது, பந்தம் தண்ணீர்க் குழியில் விழுந்து அணைந்தது. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா இந்த வழியே வருகிறவன் நான், இன்று பாறை என்னை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிவிட்டது. மூச்சை இழுத்தால் விட முடியவில்லை. என் கணுக்காலைப் பங்கிராஸ் பிடித்தார். பிடித்தபடியே 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறார், நானும் சொல்கிறேன். நான் இங்கே செத்தால் செலின் கல்யாணம்? ஐயோ, இந்த மனுசன் செத்தால்? என்ன செஞ்சுபுட்டேன், எதுக்குச் செஞ்சேன்.

"தம்பி, மூச்ச முழுக்க வெளிய விடு. வயிறு சுருங்கும். நான் தள்றேன்" என்றார்.

தள்ளினார். போய் விழுந்தேன். அவரும் வந்து விழுந்தார். மேலே ஒரு விரிசல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். நடுவில் சாம்பல் மேடு, பாதி வெந்த எருமுட்டை, நான் விட்டுப்போன கூடை.

குந்தினார். சாம்பலை விரலால் தொட்டார். மோந்தார். 

"எருமுட்டையா?"

"ஆமாண்ணே."

"இதுக்கா நான் ஓடுனேன்?"

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடிப்பார் என்றிருந்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வெளிய யாரு யாரு நிக்கிறாக?"

"ரெண்டு ஊரும் நிக்கிதுண்ணே."

குப்பியைத் திறந்து தீர்த்தத்தைச் சாம்பல்மேல் கவிழ்த்தார். பிறகு அந்த ஈரச் சாம்பலை அள்ளி நெற்றியிலும் தோளிலும் கையிலும் பூசிக்கொண்டார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "எந்திரி. இப்ப நான் முன்னால போறேன்" என்றார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார். "அணைச்சுட்டேன்" என்றார். அவ்வளவுதான். சனம் அப்படியே மண்டி போட்டது. கருத்தக்கண்ணன் என்னைப் பிடித்து உலுக்கினான். "நெசமாய்யா? நீ பாத்தியா?"

பங்கிராஸ் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணன்தான் அணைச்சாக" என்றேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பங்கிராஸ் முன்வரிசையில் இருந்தார். சூரியன் ஒழுங்காக உதித்தது. எப்படி என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 22, சனி

மறுபடியும் பச்சை.

விடியும்போதே பார்த்தேன். நாளைக்குக் கடைசி ஓலை. அக்காள் செலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் மூட்டை கட்டுகிறார்கள். நான் என்ன சொன்னாலும் எடுபடாது. பூர்போன் கதையெல்லாம் வாயில் கட்டியாகிக் கிடக்கிறது.

வெயில் ஏறும்போது பங்கிராஸ் தானே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நடுத்தெருவில் இறங்கினார். மூட்டைகளைப் பார்த்தார்.

"என்னத்துக்கு இம்புட்டுக் கலவரம்? அணைச்ச அடுப்பு ரெண்டு நாளைக்குப் பொகையாமலா இருக்கும்? அந்தப் பொகைதான் போயிட்டிருக்கு. ஆத்தா வியாகுலமேரி, மருமக கையால கஞ்சி ஊத்தச் சொல்லு."

மூட்டைகள் உள்ளே போயின. என் காலத்தில் இப்படி ஒரு பொய் நான் சொன்னதில்லை. பொறாமையாக இருக்கிறது, வேறென்ன.

செப்டம்பர் 23, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை இல்லை.

செப்டம்பர் 26, புதன்

கல்யாணம் முடிந்தது. தாய்மாமன் சீராகச் சேலையை எடுத்துப் போய்க் கொடுத்தேன். செலின் வாங்கும்போது, "மாமா, நீங்க ஏன் இன்னிக்கி ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீக?" என்றாள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 7, ஞாயிறு

செலினும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்தார்கள். சம்பந்தியும் வந்தார். அவரைத் தேடிக்கொண்டு ஆண்டிபட்டியிலிருந்து ஒரு கூட்டமும் வந்தது, நெருப்பை அணைத்தவர் இன்னார் என்று கேட்டறிந்து. பூசை முடிந்ததும் அவர்களைப் பொடவுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். பந்தம் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

பந்தியில் எல்லோரும் அவரைச் சுற்றித்தான். ஆட்டுக்கறிக் குழம்பு. அவர் பாதியில் கையை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீயும் கூட இருந்தியே. எம்புட்டு உயரம் எரிஞ்சது, சொல்லு."

எல்லாக் கண்ணும் என்மேல். வேறொரு நாளாயிருந்தால் வானத்தைத் தொட்டிருப்பேன். அவருக்கு இடம் விட்டுச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"ஒரு பனை உயரம் இருக்கும்ணே."

பங்கிராஸ் என்னை வருத்தத்தோடு பார்த்தார். பிறகு ஆண்டிபட்டிக்காரர்களிடம் திரும்பி, "பாவம், பொகையில இவுகளுக்குக் கண்ணு தெரியல. ரெண்டு பனை" என்றார்.

"ஆமா, ரெண்டு பனைதான்" என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த செலின், மாமனார் இலையைத் தாண்டி வந்து, நல்ல கறியாகப் பார்த்து எடுத்து என் இலையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள். அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்க முடியாமல்.