கீழப்பழுவூர்க் குட்டிகள்

குன்னம்,
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய முத்தாயி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அன்பழகன். டிசம்பர் மாதம் கீழப்பழுவூர் சாலையில் உங்கள் வீட்டுக்காரர் மதுரைவீரன் மேலும் அவர் பிடித்து வந்த தாய்க்குதிரை மேலும் மோதி இரண்டு உயிரையும் எடுத்த ஜல்லி லாரியை ஓட்டியவன் நான்தான். இதைக் கடைசியில் எழுதலாமா என்று யோசித்தேன். அது சரியில்லை. கிழித்துப் போடுவதானால் இந்த இடத்திலேயே கிழித்துவிடுங்கள்.

உங்களுக்கு எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உங்கள் குதிரைக் குட்டிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வந்து நின்றால் நீங்கள் நாலு வார்த்தை திட்டுவீர்கள் என்று நினைத்திருக்கலாம். வீடு பூட்டியிருந்தது. பின்னால் கொட்டகையில் ஏதோ மரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கட்டியிருந்த கட்டையைச் சின்னது பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. கட்டையில் பாதியைத் தின்றிருந்தது. பெரியது தலையைத் தூக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சிந்தாமணி அம்மா வந்து விவரம் சொன்னார். “முத்தாயி திருப்பூருக்குத் தங்கச்சி வூட்டுக்குப் போயிடுச்சுங்க. போறப்பவே சொல்லிட்டுத்தான் போச்சு. எம் புருசன் சாவக் காரணமா இருந்த குதிரை வவுத்துல பொறந்ததுங்க, எங் கண்ணுல படக் கூடாதுன்னு. கொழுந்தன்தான் தீனி போட்டுக்கிட்டிருந்தான். அவனும் அறுவடை மிஷின் ஓட்டத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிட்டான். நான் தண்ணி மட்டும் ஊத்துறேன். என்னால வேற என்ன பண்ண முடியும்?” என்றார்.

நான் யார் என்று அவரிடம் சொன்னேன். கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப நீயே ஓட்டிக்கிட்டுப் போ” என்றார். அவரும் திட்டவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் முத்துவேலின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பெரியதுக்கு இரண்டு வயதும் சின்னதுக்கு எட்டு மாதமும் இருக்கும் என்று கால்நடை டாக்டர் அனிதா சொன்னார். பெரியதன் கழுத்தில் தலைக்கயிறு சதைக்குள் இறங்கிவிட்டது. கத்தரித்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. குளம்புகள் வளர்ந்து செருப்பு நுனி மாதிரி மேலே சுருண்டிருந்தன. சின்னதன் வயிறு மட்டும் உப்பியிருந்தது. கொழுப்பு இல்லை, எல்லாம் புழு என்றார் டாக்டர்.

உங்கள் சம்மதம் இல்லாமல் கொண்டுவந்தது தப்பு. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், கொண்டுவந்து கட்டிவிடுகிறேன். முகவரி சிந்தாமணி அம்மா கொடுத்தது. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இப்படிக்கு,
அன்பழகன்


குன்னம்,
மார்ச் 20

மதிப்பிற்குரிய முத்தாயி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன கடிதம் திரும்பி வரவில்லை. போன வாரம் உங்கள் மகள் கவியா, சிந்தாமணி அம்மாவிடம் என் நம்பரை வாங்கிப் போன் செய்தது. “அம்மா படிக்கல. நான்தான் படிச்சேன். பெரிசுக்கு உப்புன்னா உசுரு. கல்லுப்பு கொஞ்சம் வைங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அன்றைக்கே வைத்தேன். பெரியது வாளியை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தது. கவியாவைத் திட்டாதீர்கள்.

பசி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகத் தீனி போட்டால் செத்துப்போகும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கைப்பிடி. முதலில் காய்ந்த புல் மட்டும், பிறகு கடலைக்கொடி. ஊறவைத்த கொள்ளைப் பதினைந்து நாள் கழித்துத்தான் கண்ணில் காட்டினோம். என் லைசென்ஸ் கோர்ட்டில் இருக்கிறது, வேறு வேலை இல்லை. நேரம் பார்த்துப் போடுவதிலேயே பொழுது போகிறது. கொட்டகைக்குள் இருக்கும்போது எதுவும் தோன்றுவதில்லை. வெளியே வந்தாலும் எதுவும் தோன்றுவதில்லை. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று என் மனைவி தேவயானி ஒருநாள் வருத்தப்பட்டாள். அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் சின்னது படுத்துவிட்டது. புழுவுக்கு மருந்து கொடுத்த மறுநாள் வயிற்றுவலி வந்து காலை உதைத்துக்கொண்டே கிடந்தது. பிறகு உதைப்பதையும் நிறுத்திவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டார். “ஒரே பக்கமா படுக்க விடாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டுங்க. அதுக்கப்புறம் அது இஷ்டம்” என்றார். சாக்கை அடியில் கொடுத்து நானும் தேவயானியும் புரட்டினோம். அதுவரைக்கும் தேவயானி குட்டிகள் பக்கம் வந்ததே இல்லை. எதற்கு இதெல்லாம் என்றுகூடக் கேட்டதில்லை. அன்றைக்குச் சின்னதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “என்னங்க, இது மூச்சு சூடாத்தான் இருக்கு” என்றாள். மூன்றாம் நாள் காலையில் அது முன்னங்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றியது. நாங்கள் தொடவில்லை. நாலாவது தடவை நின்றுவிட்டது. தேவயானி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொள்ளு ஊறவைக்கப் போனேன்.

இரண்டும் தேவயானி கையில் தின்கின்றன. பெரியது என்னிடமும் வரும். சின்னது மட்டும் நான் உள்ளே போனால் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். குதிரைக்கு வாசனை மறக்காது என்று முத்துவேல் ஏதோ சொன்னான். விபத்து நடந்த அன்றைக்கு அதுவும் தாய்கூட வந்திருந்தது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அன்பழகன்


குன்னம்,
ஜூன் 14

மதிப்பிற்குரிய முத்தாயி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். குட்டிகள் இரண்டும் நலம். பெரியதன் கழுத்துப் புண் ஆறிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக முளைக்கிறது. குளம்பை மூன்று தடவை சீவியாயிற்று, இப்போது நேராக நடக்கிறது. மக்காச்சோளம் அறுத்த காட்டில் காலையில் அவிழ்த்துவிட்டால் இரண்டும் கோடி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி ஓடி வருகின்றன. பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள்.

இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஏதோ என் கையை முட்டியது. சின்னது. கையில் ஒட்டியிருந்த தவிட்டை நக்கியது. பிறகு தலையை என் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. தேவயானி பார்த்துவிட்டு, “கடைசியில உங்ககிட்டயும் வந்துட்டா பாத்தீங்களா” என்று சிரித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா, குதிரை குறுக்கே வரவில்லை.

போலீசில் நான் சொன்னது பொய். குதிரை மிரண்டு ரோட்டுக்குள் பாய்ந்தது, அதைப் பிடிக்க அவரும் வந்தார், பனியில் தெரியவில்லை என்று சொன்னேன். அப்படித்தான் எழுதினார்கள். ஊரும் நம்பியது, நீங்களும் நம்பினீர்கள். அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது லோடு. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. போக மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கண் மூடிவிட்டது. திறந்தபோது அவர் முதுகு தெரிந்தது. கல்யாண ஊர்வலம் முடித்து வந்ததால் குதிரை கழுத்தில் குஞ்சம் இருந்தது. ரோட்டைவிட்டு இறங்கி மண்ணில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். குதிரை அவருக்கு அந்தப் பக்கம், ஓரத்திலும் ஓரமாக நடந்தது. சின்னது முன்னால் போய் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் மிரளவில்லை. நான்தான் அவர்கள் இருந்த இடத்துக்குப் போனேன்.

நான் சொன்ன பொய்யால் நீங்கள் அந்தக் குதிரையை வெறுத்தீர்கள். அதனால்தான் குட்டிகளைக் கட்டிய கயிற்றிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். சிந்தாமணி அம்மா சொன்ன அன்றைக்கே எனக்கு இது விளங்கிவிட்டது. விளங்கியும் நாலரை மாதம் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அவை பிழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. பிழைத்துவிட்டன. எதுவும் சரியாகவில்லை.

தேவயானியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னைக் கொட்டகைப் பக்கம் விடாமல் தீனியை அவளே போட்டாள். மூன்றாம் நாள், “போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இருக்கேன்” என்றாள். வக்கீல், “கேஸ் நம்ம பக்கம் இருக்கு, ஏன்யா உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிற” என்று சத்தம் போட்டார். வேறு வக்கீலைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். ஜூலை 8 அரியலூர் கோர்ட்டில் வாய்தா. நடந்தது நடந்தபடி சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தை நீங்களும் கோர்ட்டில் கொடுக்கலாம். அதற்காகத்தான் கீழே முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வந்து குட்டிகளை ஒரு தடவை பாருங்கள். நீங்கள் வருகிற அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன், தேவயானி இருப்பாள். பெரம்பலூரிலிருந்து குன்னம் பஸ் இருக்கிறது. இறங்கி யாரிடம் கேட்டாலும் குதிரை வீடு என்று காட்டுவார்கள். சின்னதன் நெற்றி வெள்ளை இப்போது பளிச்சென்று தெரிகிறது, தாய்க்கு இருந்த மாதிரியே. அந்தக் குதிரைமேல் ஒரு தப்பும் இல்லை அம்மா.

கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் பெரியதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், சின்னது தானாகப் பின்னால் வந்துவிடும். ரோட்டில் நடத்தினால் வலது கை ஓரமாகவே போங்கள். எதிரில் வருகிற வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

கவியாவும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ம. அன்பழகன்