பெயர் படிக்கிற ஞாயிறு

செப்டம்பர் 3, திங்கள்

விடுமுறை. ட்ராய் தோட்டத்தில் இறைச்சி சுட்டான். சாப்பிட உட்கார்ந்ததும் எடித் கைகளைக் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு வயது. இரண்டு வாரமாக இது நடக்கிறது. கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: "அம்மா, நாம எந்த சபை?"

"நாம ஞாயித்துக்கிழமை தூங்குற சபை" என்றான் ட்ராய்.

அவள் சிரிக்கவில்லை. "நெசமான சபை ஒண்ணு வேணும்ப்பா."

கடவுள் உண்டு என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம். எங்கள் வீட்டு வேதம் "தெரியாது". அதை வைத்தே பதினோரு வருடம் குடும்பம் நடத்தியாயிற்று. பிள்ளை கேட்டால் தடுக்கக் கூடாது, தள்ளிவிடவும் கூடாது என்று அவள் பிறக்கும் முன்பே வாய்கிழியப் பேசி வைத்தோம். அப்போது எங்களுக்குத் தூக்கம் நிறைய இருந்தது.

செப்டம்பர் 6, வியாழன்

ட்ராய் குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், படிவம் போடாமல் எதையும் சோதிக்கமாட்டான். தூரம், பிரசங்க நீளம், நரகத்தைக் காட்டி மிரட்டல், கார் நிறுத்த இடம், காப்பி. எல்லாவற்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

நாளெல்லாம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வந்து இதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று.

செப்டம்பர் 9, ஞாயிறு

முதல் சபை. நெடுஞ்சாலை ஓரத்தில் கிடங்கு மாதிரி ஒன்று. டிரம்ஸ், புகை, பெரிய திரை. கார் நிறுத்த இடம் பத்துக்குப் பத்து. எடித் இளைஞர் தலைவரிடம் தனியாகப் போய் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து, "இது வேணாம்" என்றாள்.

"ஏன்டா?"

"நான் ஒண்ணு கேட்டேன். டி-ஷர்ட் குடுத்தாங்க."

என்ன கேட்டாய் என்றால் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

எங்கும் போகவில்லை. என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. எடித் ஒன்பது மணிக்கே நல்ல சட்டை போட்டு, செருப்பு ரேக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பத்தரைக்குத் தானே கழற்றி மடித்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 23, ஞாயிறு

யூனிடேரியன் சபை. எங்களுக்கென்றே கட்டினது போல இருந்தது. அங்கே யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஏரித் தண்ணீர் பற்றிப் பேசினார்கள், காய்கறிக் கழிவு உரம் பற்றிப் பேசினார்கள். ட்ராய் காருக்கு வரும் வழியிலேயே ஒன்பது மதிப்பெண் போட்டுவிட்டான்.

எடித் பின்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "இது நம்ம வீடு மாதிரியே இருக்கு."

"நல்லதுதானே?"

"நான் கேட்டதுக்கு அந்த ஆன்ட்டி, 'நீ என்ன நெனைக்கிறே?'ன்னு எங்கிட்டயே கேக்குறாங்கம்மா. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் கேக்கப் போறேன்?"

ட்ராய் ஒன்பதை அடித்துவிட்டு நான்கு போட்டான்.

செப்டம்பர் 30, ஞாயிறு

அடுத்தது கத்தோலிக்கக் கோயிலா என்றேன். ட்ராய் பத்து வயதுவரை பூசையில் பாதிரியாருக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தவன். "அங்க மட்டும் வேணாம் ஹைடி" என்றான். சண்டை. எதற்குச் சண்டை என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசினோம்.

மதியம் ஏரியிலிருந்து குளிர் ஏறி வந்தது. தொப்பிகள் எடுக்கத் துணி அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டைப் பார்க்காமல் எடுக்க எனக்குப் பழகிவிட்டது.

எழுதித்தான் பார்க்கிறேனே. மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மார்ச் மாதம், முப்பத்தெட்டாவது வாரத்தில், எங்கள் மகன் அழாமலே பிறந்தான். அவன் சாம்பல் அதில். இறுதிச் சடங்கு வைக்கவில்லை. யாரை நோக்கிப் பேசுவது என்று தெரியவில்லை, அதனால் பேசவில்லை. எடித்திடம் "குழந்தை வரலடா" என்று மட்டும் சொன்னோம். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஒப்பந்தம் எதுவும் இல்லை, அப்படியே ஆகிவிட்டது.

பெயர் இருக்கிறது. இங்கேகூட எழுத வரவில்லை.

அக்டோபர் 7, ஞாயிறு

மேட்டுத்தெருவில் லுத்தரன் சபை. நாற்பது பேர் இருந்தால் அதிகம், முக்கால்வாசி நரைத்த தலை. பாஸ்டர் ஒரு பெண், காரின் என்று பெயர். பிரசங்கம் பதினொரு நிமிடம். பிறகு கீழ்த்தளத்தில் காப்பி. சமையலறையை ஆளும் லோயிஸ் அம்மாளிடம் மூன்று தடவை கேக் வேண்டாம் என்று சொல்லி, நாலாவதில் வாங்கிக்கொண்டேன். சும்மா நிற்பானேன் என்று இரண்டு கோப்பை கழுவினேன். ஒரு அட்டை சுற்றி வந்தது, வருகைப் பதிவு என்று நினைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் எடித் குரல்.

"பாஸ்டர், நவம்பர்ல செத்தவங்க பேர் படிச்சு மணி அடிப்பாங்களாமே, இங்கயும் உண்டா?"

"உண்டே."

"பொறந்து அழாமலே செத்தவங்க பேரையும் படிப்பீங்களா? என் தம்பி. நீல்ஸ்."

கோப்பை கையில்தான் இருந்தது. கீழே விழவில்லை. அதைத் துடைத்து, அடுக்கி, காரில் போய் உட்கார்ந்தேன். எப்படி நடந்தேன், தெரியல. இவ்ளோ நாளா ஒவ்வொரு எடத்துலயும் இதத்தான் கேட்டிருக்கா. நாங்க என்னடான்னா காப்பிக்கு மார்க் போட்டுக்கிட்டு— சே.

மாலையில் கேட்டேன். பள்ளித்தோழியின் தாத்தா பெயரைப் போன வருடம் அப்படிப் படித்தார்களாம். உன் தம்பி பெயர் எப்படித் தெரியும் என்றேன்.

"பெட்டியில எழுதியிருக்கே. ஸ்கார்ஃப் எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினப்ப பாத்தேன்."

"எப்போ?"

"ஒண்ணாங்கிளாஸ்ல."

"ஏன்டா எங்ககிட்ட கேக்கல?"

"நீங்க ரெண்டு பேரும் டயர்டா இருந்தீங்க."

அக்டோபர் 10, புதன்

பாஸ்டர் காரின் தொலைபேசியில். எடித் தம்பி பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் படிக்கமாட்டார்களாம். இருபத்தெட்டாம் தேதிக்குள் சொன்னால் போதும் என்றார். வற்புறுத்தவில்லை, நல்ல மனுஷி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. நாற்பது பேர் முன்னால், மைக்கில், என் பிள்ளை பெயரா? முடியாது.

அக்டோபர் 14, ஞாயிறு

தலைவலி என்றேன். ட்ராய் எடித்தைக் கூட்டிப்போனான்.

அக்டோபர் 20, சனி

லோயிஸ் அம்மாள் அழைத்தார். "ஹைடி, நவம்பர் நாலு காப்பி நீதானேம்மா? ஒம்பதுக்கே வந்துட்டா நல்லது. வரலேன்னாலும் ஒண்ணுமில்ல, தனியா நானே தூக்கி எறக்கிக்குவேன், இடுப்பு வலிதான் கொஞ்சம்."

நான் கையெழுத்துப் போட்ட அட்டை வருகைப் பதிவு இல்லை. நவம்பர் மாதக் காப்பி முறைப் பட்டியல். நாலு ஞாயிறும் என் பெயரில். எங்கள் ஊரில் "வரலேன்னாலும் ஒண்ணுமில்ல" என்றால் வந்தே தீரவேண்டும் என்று அர்த்தம். கோப்பை கழுவப்போய் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அக்டோபர் 27, சனி

சம்மதம் சொல்ல நாளை கடைசி நாள். எடித் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்து பழகிய பிள்ளை. அதுதான் தாங்கவில்லை.

ட்ராய் காப்பிக் கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தான். "படிக்கட்டுமே ஹைடி."

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல ட்ராய்."

"எனக்கும்தான் இல்ல. ஒரு பேருக்குக்கூடவா நம்பிக்கை வேணும்?"

அவனைப் பார்த்துக் கத்தினேன். உனக்கென்ன, நீ சுமந்தியா என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் எழுந்து போகவில்லை. "சுமக்கல. பெட்டிய ஆஸ்பத்திரிலேருந்து தூக்கிட்டு வந்தது நான்தான். அது கனமே இல்ல, ஹைடி. அதை யார்கிட்ட சொல்றது?" என்று அழுதான். இவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றுகூடப் பார்க்கவில்லை, எனக்கு நினைவே இல்லாத நாள் அது.

கடைசியில் சொன்னேன்: "போன் பண்ணிக்கோ. ஆனா நான் கீழ காப்பி போட்டுக்கிட்டுதான் இருப்பேன். மேல வரமாட்டேன்."

நவம்பர் 4, ஞாயிறு

முதல் பனி, கணுக்கால் அளவு. ஒன்பதுக்குப் போனேன். பெரிய பாத்திரத்தில் அறுபது கோப்பைத் தண்ணீர். லோயிஸ் அம்மாள் சொன்னார், பெயர் படிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்கவேண்டுமாம், மணி ஓயும்வரை. ட்ராய்க்கு இது தெரியுமா என்று நினைத்தேன். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, நான் தூள் அளந்துகொண்டிருந்தேன்.

மேலே முதல் மணி அடித்தது. தரை வழியாகக் கேட்டது. இரண்டாவது. நான் மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.

லோயிஸ் அம்மாள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "இதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?" அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

படி ஏறினேன். பின்கதவு ஓரம், மேலங்கித் தாங்கிகளுக்கு நடுவே நின்றேன். அப்போதுதான் பாஸ்டர் படித்தார். "நீல்ஸ் ட்ராய் ஹாகன்." மணி.

எடித் எழுந்தாள். ட்ராய் எழவில்லை, தலை குனிந்து கிடந்தது. அத்தனை தலைகளுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். இன்னும் யார் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள்.

நான் ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தேன்.

மணி ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அவளும் நானும் நின்றபடியே இருந்தோம்.

காப்பி கடும் கசப்பு. இரண்டு பங்கு தூள் போட்டிருந்தேன் போலிருக்கிறது. நாற்பது பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள்.

நவம்பர் 11, ஞாயிறு

காலையில் எடித்தை எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்தே, "நான் வரலம்மா. பேர் படிச்சாச்சுல்ல" என்றாள். ட்ராய் குறட்டை. அட்டவணையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான். அலமாரிப் பெட்டி இப்போது கூடத்துப் புத்தகத் தட்டில், எடித்தின் ஸ்கேட்டிங் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடம் அவள் பார்த்துக் கொடுத்தது.

ஷூ போடும்போது ட்ராய் கண்ணைத் திறந்தான். "நீ எங்க கெளம்பிட்ட? நம்பிக்கை வந்துடுச்சா?"

"தெரியாது" என்றேன். "காப்பி என் பேர்ல இருக்கு."

போனேன். இந்த முறை தூளைச் சரியாக அளந்தேன்.