முள்ளில்லா ரோஜாக் காசு

செஸ்டர், இங்கிலாந்து
6 மார்ச் 1994

அன்புத் தம்பி ஃபின்டனுக்கு,

நலம்தானே? ஆடுகள் குட்டி போடுகிற நேரம், உனக்கு மூச்சுவிடப் பொழுதிருக்காது. இருந்தாலும் அக்காவுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கறுத்துப்போன சில காசுகளைக் கொடுத்தாயே, உன் நண்பன் இங்கே ஆற்றோரம் கார்ஸ்ட் என்பவரின் வயலில் எடுத்தான் என்று? அவை என்னைத் தலைகால் புரியாமல் ஆக்கிவிட்டன. நானூறு வருஷத்துக்கு முந்தைய, ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்துப் பென்னிகள். வெள்ளி பேருக்குத்தான், மிச்சமெல்லாம் செம்பு. மன்னர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜா, சுற்றிலும் லத்தீனில் 'முள்ளில்லா ரோஜா'. அடியில் சிறு புள்ளி வைத்த இந்த வகை இதுவரை அயர்லாந்தில் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. "இந்த மட்டக் காசை அயர்லாந்து தலையில கட்டத்தான் அடிச்சாங்க" என்று முப்பது வருஷமாகச் சொல்லிவந்தவர் எங்கள் நாணய ஆய்வாளர்களில் மூத்தவரான வில்ஃப்ரெட் பாஸ்க். இங்கிலாந்து வயலிலும் கிடைத்தால் அந்த வாதம் நிற்காதே!

இதைப் பற்றிய என் கட்டுரை நாணயவியல் பத்திரிகையில் வந்ததும் அவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நான் சொன்னது தப்பு. நோரீன் சொல்றதுதான் சரி" என்றார். அச்சுக்குப் போயிருந்த தன் புத்தகத்தையும் திரும்ப வாங்கிவிட்டார். எண்பது வயதில் யாருக்கு அந்த மனசு வரும்?

எல்லாம் உன்னால்தான்.

அன்பு அக்கா
நோரீன்


கெல்ஸ், அயர்லாந்து
17 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இங்கே ஓயாத மழை, இரண்டு குட்டிகள் போய்விட்டன. மகள் அஸ்லிங் கல்யாணம் செப்டம்பரில். மேல் வயலில் வீடு கட்ட அனுமதி வந்துவிட்டது, அவள் தரையில் கால் பாவாமல் திரிகிறாள். அவள் அம்மா மேவ் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். கட்டுரையில் அந்த வயலின் பெயரைப் போட வேண்டுமா? பழைய காசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? அந்தப் பெரியவரும் புத்தகத்தை நிறுத்தியிருக்க வேண்டாம்.

தம்பி
ஃபின்டன்


செஸ்டர்
22 மே 1994

ஃபின்டன்,

பாஸ்க் அந்த வயலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். ரப்பர் பூட்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அழைத்துப் போனேன்.

கார்ஸ்ட் வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க நிலத்துல யாரும் தோண்டலியேம்மா. அப்பா காலத்துலேர்ந்து வெறும் புல்லுதான். யார் சொன்னா உங்களுக்கு?" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். காரில் பாஸ்க் என்னைத் தேற்றினார்: "விடும்மா, பக்கத்து வயலா இருக்கும்." அவர் இன்னும் என்னை நம்புகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னைக் கேட்குமுன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஆற்றோரம் சிவந்த களிமண். காசுகளில் ஒட்டியிருந்தது கருமண். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் குழாயடியில் கழுவினேன்.

எங்கே எடுத்தாய்?

நோரீன்


கெல்ஸ்
5 ஜூன் 1994

அக்கா,

நண்பன் யாரும் இல்லை. நான்தான். நம் மேல் வயலில், அந்தப் பழைய வட்ட மண்மேட்டுக்குப் பக்கத்தில். மேவ் போன பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு நடப்பேன். இந்த நாட்டில் அனுமதியில்லாமல் அது குற்றம் என்று தெரியும். ஆனாலும் என்ன காசு என்று அறியும் ஆசை. உன்னைவிட்டால் யாரிடம் கேட்பேன்?

உண்மை தெரிந்தால் டப்ளின் அருங்காட்சியகத்திலிருந்து வந்து வயலை அடைத்துவிடுவார்கள். வீடு எழும்பாது. கல்யாணம் முடியும் வரையாவது பொறு. அவள் தாயில்லாத பெண், அக்கா.

ஃபின்டன்


செஸ்டர்
19 ஜூன் 1994

அன்புத் தம்பி,

டப்ளினுக்கு எழுதிவிட்டேன், உன் பெயரோடு. அதைத் தபாலில் போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். நீ கெஞ்சினால் நான் இளகிவிடுவேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டேன். அஸ்திவாரம் போட்டபின் அந்த மண்ணில் இன்னும் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

பாஸ்க் வீட்டுக்கு நேரில் போனேன். அவர் சொன்னதே சரி என்பதில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உன் தம்பிய விடு. காசு தெரியாதவன். மண்ணப் பாத்தியே நோரீன், நீ பாத்தியே" என்றார். வாசல் வரை கூட வரவில்லை.

அஸ்லிங் முகத்தில் எப்படி விழிப்பேன்? கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா, நீயே சொல். வராதே என்றாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

அக்கா


கெல்ஸ்
14 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம். வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன்.

டப்ளின்காரர்கள் வந்தார்கள். மேல் வயலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். என்மேல் வழக்கு வரலாம் என்கிறார்கள். அஸ்லிங்கும் மாப்பிள்ளையும் நேவனில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. என் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

நேற்று மட்டும் கதவருகே நின்று கேட்டாள்: "அத்த வர்றாங்களா, இல்லியா? சர்ச்சுல அம்மா எடத்துல வேற யாரு உக்காருவா?"

நீ ஏன் சொன்னாய் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. நான் ஏன் பொய் சொன்னேன் என்று இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். அப்போது நான் தனியாக இருக்க முடியாது.

வா.

ஃபின்டன்