கொடிக்கயிற்றில் வந்த முசுறு

இன்று காலை கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது பிடரியில் ஒரு முசுறு எறும்பு விழுந்து கடித்தது. நசுக்கிப் போட்டேன். விரலில் அந்தப் புளித்த வாடை. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய், முக்காட்டை உதறிக்கொண்டு, வாய் நிறையத் திட்டிக்கொண்டு.

திருமலைராயன்பட்டினத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்தான். உங்கள் பக்கம் கிணற்றடியில் அந்த மாமரம். நிக்காஹ் முடிந்த கையோடு உன் வீட்டுக்காரர் நட்டது. நட்டுவிட்டுச் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர், வருஷங்கள் போயும் திரும்பவில்லை. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். சைகோன் பக்கம் சண்டை என்றும் சொன்னார்கள். நீ யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாய். மரத்துக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றுவாய்.

மரம் நிறைய முசுறு, இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடுகள். குளிக்கப் போகிறவர்களையெல்லாம் கடிக்கிறதே என்று நாம் இருவரும் தென்னமட்டையைக் கொளுத்தி அத்தனையையும் பொசுக்கினோம். பெரிய காரியம் முடித்த மாதிரி காப்பி வேறு குடித்தோம். அடுத்த தையில் மரம் பூத்துக் குலுங்கியது. பூவெல்லாம் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. இலைகள் பிசுபிசுத்துக் கரி பூசியது போலாயின. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

"பூத்து என்ன பிரயோசனம்? இன்னும் ஒரு தடவை பாக்குறேன். அப்பவும் காய்க்கலைன்னா வெட்டிட்டு அடுப்படியை நீட்டிக் கட்டிடலாம்" என்றார் உன் மாமியார்.

நீ சுவரோரம் வந்து அழுதாய். "அவங்க வந்து மரம் எங்கேன்னு கேட்டா நான் என்ன புள்ள சொல்லுவேன்?" மரம் போனால் அவரும் வரமாட்டார் என்று உனக்குள் ஒரு பயம். நீ சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

சாம்பல் தூவினோம், வேப்பங்கொட்டை இடித்துக் கரைத்துத் தெளித்தோம். கைக்கு எட்டிய கிளையோடு சரி. பிறகு வரிச்சிக்குடியில் அப்பா வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே மாமரத்தில் முசுறு ஏறாத கிளை இல்லை, காயோ கொத்துக் கொத்தாக. தத்துப்பூச்சியை அது இழுத்துப்போவதையும் கண்ணால் பார்த்தேன். விடியற்காலையில் சில கூடுகளைக் கொப்போடு வெட்டிப் பானையில் போட்டு, துணியால் வேடு கட்டி, மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். வழியில் வேடு நெகிழ, வண்டிக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு குதித்த குதி இருக்கிறதே!

"கொளுத்துனதை நாமளே வண்டி வச்சு அழைச்சுட்டு வர்றோம். யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க புள்ள" என்றாய். முழங்கை வரை கடி வாங்கிக்கொண்டு நீயே கிளைகளில் கட்டினாய்.

அடுத்த பூப்பில் காய் நின்றது. உன் மாமியார் ஊறுகாய்ச் சாடியைக் கழுவி வைத்தார்.

அதற்குப் பிறகொரு கோடையில் உன் வீட்டுக்காரர் வந்து இறங்கினார், இளைத்துக் கறுத்து. கிணற்றடிக்குப் போனவர், "யா அல்லா! இதென்ன இவ்வளவு முசுறு? நெருப்பு கொண்டா" என்று அலறினார். அவர் முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படும் நீ குறுக்கே போய் நின்றாய்.

"நீங்க இல்லாதப்ப காவல் காத்தது அதுங்கதான். நீங்க தள்ளி நின்னு குளிங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

உன் மரத்துக் கொட்டையைப் போட்டு நான் ஒரு மரம் வளர்த்தேன். இரண்டுக்கும் சுவர் தாண்டிக் கொடி கட்டினோம். அந்தக் கயிற்றிலேயே நடந்து முசுறு என் வீட்டுக்கும் வந்தது. நீ கண்ணை மூடியபின் உங்கள் வீடு கைமாறியது, மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அதைப் பார்க்க நீ இல்லாமல் போனதே நல்லது.

போன வாரம் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்தவர், "முதல்ல இந்த முசுறை அழிச்சுடுவோம்மா" என்றார். நான் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். "நீங்க தள்ளி நில்லுங்க."

சொல்லி முடித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அன்று உனக்கும் நடுங்கியதா? இத்தனை வருஷத்தில் நான் கேட்கவே இல்லையே.