வெல்லக் காரை

1900 பிப்ரவரி 12, திங்கள்

காலையில் பனி. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் துரை பங்களாவின் பின்முற்றம். கல் பாவி முடிந்தது, இனி சந்து அடைக்கும் வேலை. கம்பியால் மண்ணைச் சுரண்டு, கழுவு, ஈரம் காயுமுன் காரையைக் கரணையால் அழுத்து. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர். வெல்லம் விட்டால்தான் காரை இறுகும்.

ரூத் தலையில் காரைப் பாண்டு சுமக்கிறாள். ஆறாம் மாசம். வீட்டில் இரு என்றால் கேட்கிறவளா? மசக்கை என்றால் மற்றவர்களுக்குச் சாம்பல், மாங்காய். என் பெண்டாட்டிக்கு வெல்லக் காரை. கிள்ளிக் கிள்ளி வாயில் போடுகிறாள்.

"இன்னாமே, எல்லாத்தையும் நீயே துன்னுட்டா தொரைக்கு இன்னாத்த பூசறது?"

"புள்ள கேக்குது, நான் இன்னா பண்றது?"

சிரித்தோம்.

13, செவ்வாய்

வெல்லக் காரை என்றால் எறும்பு வரும். துடைப்பத்தால் தள்ளுவதே தனி வேலை. இன்று தள்ளவே வேண்டாம். சந்து நெடுகச் செத்துக் கிடந்தன. மணலை அள்ளிப் பார்த்தேன். மாவு மாதிரி. ஓடை மணல் இப்படி இருக்காது.

வண்டிக்கார முனிசாமியைப் பிடித்தேன்.

"எந்த மணல்யா இது?"

"ஓடை ரொம்ப தூரம்ணா. மாடு வேற நொண்டுது. மில்லு மேட்டுல சலிச்ச மாதிரி கீது, அள்ளிக்கினு வந்தேன். யாராண்டயும் சொல்லிடாதண்ணா."

மில்லு மணல். பொன் பிரிக்க சயனைட் விஷத்தில் ஊறப்போட்டுக் கொட்டிய மணல். அந்த மேட்டுத் தண்ணீரைக் குடித்து ஆடு செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரணையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

எவ்வளவு தின்றாய் என்று ரூத்திடம் கேட்டேன். "ரவ ரவதாங்க." அவள் ரவையின் அளவு எனக்குத் தெரியும்.

14, புதன்

தலைசுற்றல், வாந்தி. நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை என்கிறாள். ஆண்டவரே.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன தின்றாள் என்று கேட்பார்கள். அந்த மணலில் இன்னும் பொன் துகள் உண்டாம், ஒரு கூடை எடுத்தாலும் பொன் திருட்டுதான். பூசின எனக்கும் ஜெயில்.

"வோணாங்க. சோறு ஒத்துக்கலன்னு சொல்லிக்கலாம். நீங்க உள்ள போய்ட்டா எனக்கு யாரு?"

வாசல்வரை போனேன், திரும்பினேன். வெட்கமாக இருந்தது. மறுபடி கிளம்பி, அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

கம்பவுண்டர் எங்கள் சபைக்காரர். மில்லு மணல் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"மைன்ஸுக்கு நான் எழுதித்தான் ஆவணும்பா."

எழுதுங்கள் என்றேன்.

மருந்து கொடுத்தார். "பழைய மணல்னா விஷம் கொறஞ்சிருக்கும். புள்ள அசையுதான்னு பாத்துக்கினே இருங்க."

15, வியாழன்

நல்ல வெயில். முனிசாமி ஓடிவிட்டான், மாடு மட்டும் கொட்டிலில் கத்துகிறது. வாந்தி நின்றது. கஞ்சி குடித்தாள். பிள்ளை அசையவில்லை.

மைன்ஸ் காவல்காரர் வந்துவிட்டார். "வாய்யா, தொரை கூப்டறார்."

"ஒரு தபா அசையட்டும் ஐயா. வந்துடறேன்."

ரூத்தைப் பார்த்தார். வெளியே போய்க் கல்லின்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார்.

இடது கை அவள் வயிற்றில். வலது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். ரூத் கண்ணை மூடியிருக்கிறாள், உதடு மட்டும் ஜெபம். சுருட்டு பாதி ஆகிவிட்டது.

அசைந்தது.

கிளம்புகிறேன்.